வீடு நெருங்கும் நாட்களில்

பயணம் புறப்படும் நாளுக்கு நம்மிடையே சடங்குகள் பல உண்டு. செபம் சொல்கிறோம், கட்டுச்சோறு கட்டுகிறோம், தெருமுனை வரை சென்று வழியனுப்புகிறோம். பயணத்தின் நடுநாட்களோ பின்னர் சொல்லி மகிழும் கதைகளைத் தருகின்றன. திரும்பி வரும் கடைசிச் சில நாட்களைப் பற்றித்தான் நாம் அதிகம் எண்ணுவதில்லை. அவை எப்படியாவது கழிந்துபோனால் போதும் என்றிருக்கிறோம். உடல் இன்னும் வழியில் இருக்க, உள்ளம் முன்னதாகவே வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. இடையில் இருக்கும் ஊர்களும் மனிதர்களும் கண்ணில் பட்டும் படாமலும் கடந்து போகின்றனர்.

ஆயினும், ஒருவர் தம்முடன் நடப்பவரை எப்படி நடத்துகிறார் என்பதை அறிய அந்தக் கடைசி நாட்களே ஏற்றவை. புறப்படும்போது எல்லாரிடமும் பொறுமை இருக்கிறது. கையில் உணவு இருக்கிறது. காலில் வலு இருக்கிறது. கடைசி நாட்களிலோ கையிருப்பு தீர்ந்து, களைப்பு மிகுந்து, வீட்டின் நினைவு இழுக்கத் தொடங்குகிறது. அப்போது வலியவரின் கால் விரைகிறது. மெலியவரின் கால் தளர்கிறது. ஒரே கூட்டமாகப் புறப்பட்டவர்களிடையே இடைவெளி விழுகிறது. அங்கேதான் ஓர் அறக்கேள்வி எழுகிறது: சேர்ந்து நடப்பவர்கள் யாருடைய காலால் வழியை அளக்க வேண்டும்?

நூல்களில் இதற்கு விடை தேடும் முன், இக்கேள்வியை ஆண்டுதோறும் தம் காலாலேயே சந்தித்துவரும் மக்களை நாம் காணலாம். அவர்கள் தொலைவில் இல்லை.

கிடையும் வலசையும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி நோக்கிச் செல்லும் நிலம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே ஓடுகிறது. கண்மாய்கள் நிரம்பினால் வேளாண்மை. நிரம்பாவிட்டால் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் பிழைப்பு. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மற்ற மாதங்களில் புல் தேடும் கால்நடை ஊரைவிட்டு வெளியேறத்தான் வேண்டும்.

ஆகவே இப்பகுதியிலும், இதை அடுத்த இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலும் ஆடு வளர்ப்போர் காலங்காலமாக வலசை போகின்றனர். அறுவடை முடிந்த வயல்களைத் தேடி வைகைக் கரைக்குச் செல்வோர் உண்டு. காவிரிப் படுகையின் தஞ்சை, திருவாரூர் வயல்கள் வரை செல்வோரும் உண்டு. பகலில் தாளடியில் மேயும் ஆடுகளை இரவில் ஒரு வயலில் வளைத்து அடைக்கின்றனர். இதற்குக் கிடை போடுதல் என்று பெயர். புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகின்றன. ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பது உழவர் சொல். நிலத்துக்காரர் இரவுக் கணக்குப் பார்த்து நெல்லாகவோ பணமாகவோ கொடுக்கிறார். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு நகர்கிறது.

கிடைக்குத் தலைமை தாங்குபவரைக் கீதாரி என்று அழைக்கின்றனர். அவருடைய வீடு அவருடனேயே நகர்கிறது. மூன்று கல் கூட்டிய அடுப்பு, சில பாத்திரங்கள், கம்பளி, மரக்கிளையை வளைத்துத் தழை ஒடிக்கும் தொரட்டி, பிறந்த குட்டிகளைக் கவிழ்த்துக் காக்கும் கூடாப்பு: இவ்வளவுதான் உடைமை. மழை வந்தால் ஒரு தார்ப்பாய். முன்பு தலைச்சுமையாகச் சென்றவை இன்று சிலரிடம் சிறு சரக்கு வண்டியில் செல்கின்றன. கைபேசியும் வந்துவிட்டது. ஆனால் ஆட்டின் கால் மாறவில்லை. மேய்ந்துகொண்டே நடக்கும் மந்தை ஒரு நாளில் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நகர்வது அரிது. பேருந்து ஒரு மணி நேரத்தில் கடக்கும் தொலைவு அதற்கு மூன்று நாள் பயணம்.

இத்தகைய ஒரு மந்தை பல மாதங்கள் வெளியூர் வயல்களில் தங்கிய பின் திரும்பி வருவதாக வைத்துக்கொள்வோம். சம்பா நடவுக்காகப் படுகையின் வயல்கள் உழப்படுகின்றன. இனி அங்கே ஆட்டுக்கு இடமில்லை. சிவகங்கைச் சீமையைக் கடந்து, மானாமதுரையில் வைகையைத் தாண்டி, நரிக்குடியை நெருங்கியாயிற்று. இன்னும் இரண்டு மூன்று இரவுகள் கிடை போட்டால் ஊர் வந்துவிடும். காற்றின் மணமே மாறுகிறது. மேய்ப்பவருக்கு மரங்கள்கூடத் தெரிந்த முகங்களாகின்றன. நம் கேள்வி இந்த இரண்டு மூன்று நாட்களைப் பற்றியதே.

விரைவுக்கும் நியாயம் உண்டு

விரைவைக் குற்றமென்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவது நேர்மையாகாது. வீடு திரும்புவோர் விரைவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. வீட்டில் வயது முதிர்ந்த தாய் காத்திருக்கிறாள். பள்ளிக்காக உறவினர் வீட்டில் விடப்பட்ட பிள்ளைகள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். வானம் கறுத்து வருகிறது. மழை இறங்கிவிட்டால் மானாவாரி நிலங்களில் சோளமும் கம்பும் பருத்தியும் மல்லியும் விதைத்துவிடுவார்கள். பிறகு ஓர் ஆடு வரப்பைத் தாண்டினாலும் பூசல்தான். முன்னதாகச் சேர்கிறவருக்கே கண்மாய் உள்வாயில் முளைக்கும் புல் கிடைக்கும். ஆகவே விரைபவரைத் தன்னலக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய விரைவிலும் அன்பு இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது.

ஆனால் மந்தையில் எல்லாக் கால்களும் ஒன்றுபோல் இல்லை. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். வலசைக் காலத்தில் சினைப்பட்டவற்றுள் சில, திரும்பும் வழியில்தான் நிறைசினையாக நிற்கின்றன. சில வழியிலேயே ஈன்றுவிடுகின்றன. முள் ஏறி நொண்டுபவை சில; குளம்பு புண்பட்டவை சில. இவற்றை அடித்து ஓட்டினால் நிறைசினை ஆடு குட்டியை இழக்கக்கூடும். ஈன்ற ஆடு குட்டியைப் பின்னே விட்டுவிட்டு மந்தையோடு ஓடிப்போய்ப் பின்னர் குட்டியைச் சேர்க்க மறுக்கக்கூடும். களைத்துப்போன மந்தை மழைக்காலத்தில் நோயை எதிர்கொள்ளும் வலுவை இழக்கிறது. 1997, 1998 ஆண்டுகளில் தமிழகத்துச் செம்மறி மந்தைகளை நீலநாக்கு நோய் எப்படி அழித்தது என்பதை ஆடு வளர்ப்போர் இன்றும் மறக்கவில்லை. அதுவும் மழைக்காலத்து நோயே.

இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. நடக்க முடியாதவற்றை வழியிலேயே வியாபாரியிடம் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஓட்டி, விழுவது விழட்டும் என்று விடலாம். அல்லது ஓரிரு நாள் கூடுதலாகத் தங்கி, தளர்ந்தவற்றின் நடைக்கு முழு மந்தையையும் இறக்கலாம். மூன்றாவது வழியே நல்லதென்று எளிதாகச் சொல்லிவிடுவோம். ஆனால் அந்த ஓரிரு நாளின் விலையை யார் கொடுப்பது?

கிடையில் பெரும்பாலும் ஒருவருடைய ஆடுகள் மட்டும் இருப்பதில்லை. பல வீட்டு ஆடுகள் ஒன்றாகச் சேர்ந்தே வலசை போகின்றன. நொண்டும் ஆடு ஒருவருடையது. காத்திருப்பதால் இழப்பு மற்றவர்களுடையது. 'உன் ஆட்டுக்காக என் மந்தை ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?' என்று ஒருவர் கேட்டால் அதில் பொய் எதுவும் இல்லை. சேர்ந்து வாழ்வோர் எல்லாரிடையேயும் என்றோ ஒருநாள் எழும் கேள்விதான் இது. குடும்பத்தில் எழுகிறது, பங்கில் எழுகிறது, நாட்டில் எழுகிறது.

யாக்கோபின் நடை

விவிலியத்தில் இந்தக் கடைசி நாட்களைப் பற்றிய காட்சி ஒன்று உண்டு. தொடக்க நூலின் முப்பத்து மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கும்போது, அண்ணன் தம்பி தழுவிக்கொள்ளும் இடத்தோடு நம் கவனம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த உரையாடலைக் கவனிப்பவர் குறைவு.

யாக்கோபு இருபது ஆண்டுகள் லாபானிடம் உழைத்துவிட்டு, மனைவியர், பிள்ளைகள், மந்தைகள் ஆகியவற்றோடு சொந்த நாட்டை நோக்கி வருகிறார். வழியெல்லாம் கூடாரம் அடித்துத் தங்கியவர். எதிரே அண்ணன் ஏசா நானூறு பேருடன் வருகிறார். அச்சம் கண்ணீரில் கரைந்த பிறகு, சேர்ந்து போகலாம் என்று ஏசா அழைக்கிறார். அப்போது யாக்கோபு கூறும் மறுமொழி ஓர் அனுபவம் மிக்க ஆயனுடையது. பிள்ளைகள் சிறியவர்கள், ஆடுமாடுகள் பாலூட்டுகின்றன, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துபோகும், ஆகவே அண்ணன் முன்னே செல்லட்டும், தாம் மந்தையின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்ப மெதுவாக வருவதாகச் சொல்கிறார். பிறகு சுக்கோத்தில் தங்கித் தமக்கு வீடும் கால்நடைகளுக்குக் குடில்களும் அமைக்கிறார். சுக்கோத்து என்னும் சொல்லுக்கே குடில்கள் என்பதுதான் பொருள்.

ஒரே நாள் என்று அவர் சொல்வதைக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டு உழைப்பு கடைசி ஒரு நாளின் அவசரத்தில் அழிந்துபோகலாம் என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

ஆயினும் இந்தக் காட்சியில் ஒரு முடிச்சு இருக்கிறது. செயீருக்கு வந்து அண்ணனைச் சேர்வதாக யாக்கோபு கூறுகிறார். ஆனால் செயீருக்கு அவர் போனதாக நூல் சொல்லவில்லை. சுக்கோத்துக்குப் போகிறார், பிறகு செக்கேமுக்குப் போகிறார். பிள்ளைகளின் கால் என்பது உண்மைக் காரணம்தானா, அல்லது அண்ணனின் அருகாமையைத் தவிர்க்க ஒரு சாக்கா? நூல் நமக்கு விடை தருவதில்லை. இந்த ஐயம் நமக்கு நல்லது. மெதுவாக நடப்பதெல்லாம் கருணை ஆகிவிடாது. செய்ய அஞ்சும் கடமையைத் தள்ளிப்போடவும் பிறருடைய தளர்ச்சியை நாம் கருவியாக்குவதுண்டு. வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று சொல்லி, போக விரும்பாத இடத்துக்குப் போகாமல் இருந்தவர்கள் நம்மில் இல்லையா? ஆகவே விரைவையும் தாமதத்தையும் ஒரே உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும்: இந்த விரைவு யாருக்காக? இந்தத் தாமதம் யாருக்காக?

கருணை கொல்லுமா?

இனி எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு கேட்போம். தளர்ந்தவருக்காகக் காத்திருந்து எல்லாரும் அழிந்துபோனால் என்ன செய்வது? இது கற்பனைக் கேள்வி அன்று. மனிதர் மேற்கொண்ட கூடாரப் பயணங்களிலே மிகக் கொடியதொன்றின் கடைசி நாட்கள் இக்கேள்வியைத்தான் நம்முன் வைக்கின்றன. அதற்காகக் கரிசல் வெயிலைவிட்டுத் தென்துருவப் பனிக்குச் சற்று நேரம் செல்ல வேண்டும்.

பிரித்தானியக் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்காட்டும் அவருடைய தோழர் நால்வரும் 1912 சனவரி 17 அன்று தென்துருவத்தை அடைந்தனர். நார்வே நாட்டு அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்றே அங்கு வந்து போயிருந்தார். தோல்வியோடு திரும்பியவர்களுள் எட்கர் எவான்ஸ் பிப்ரவரி 17 அன்று இறந்தார். லாரன்ஸ் ஓட்ஸின் கால்கள் பனியால் உறைந்து புண்ணாயின. அவர் நடக்கும் வேகமே எல்லாருடைய வேகமும் ஆயிற்று. தம்மைத் துயில்பையோடு விட்டுவிட்டுப் போகும்படி அவர் கேட்டார். மற்ற மூவரும் மறுத்தனர். மார்ச் 16 அல்லது 17 அன்று ஓட்ஸ் கூடாரத்தைவிட்டுப் பனிப்புயலுக்குள் தாமாகவே நடந்து சென்றார், திரும்பவில்லை. ஸ்காட், வில்சன், பவர்ஸ் ஆகிய மூவரும் மேலும் சில நாள் நடந்து, உணவும் எரிபொருளும் வைத்திருந்த 'ஒரு டன்' கிடங்குக்கு 11 மைல் தொலைவில் முடங்கினர். ஸ்காட்டின் நாட்குறிப்பில் கடைசித் தேதி மார்ச் 29. நவம்பர் 12 அன்றுதான் கூடாரமும் உடல்களும் கண்டுபிடிக்கப்பட்டன.

இதில் நம் கேள்வியைக் கூர்மையாக்கும் செய்தி ஒன்று மறைந்திருக்கிறது. அந்தக் கிடங்கை அவர்கள் 80 பாகை தென் அகலாங்கில் அமைக்கத் திட்டமிட்டிருந்தனர். 1911 பிப்ரவரியில் அதை அமைக்கச் சென்றபோது சுமை இழுத்த மட்டக்குதிரைகள் தளர்ந்துபோயின. அவற்றை மேலும் ஓட்டலாம், விழுந்தவற்றை உணவாக்கலாம் என்று சொன்னவர், குதிரைகளுக்குப் பொறுப்பாயிருந்த ஓட்ஸ். விலங்குகளை அப்படி வதைக்க ஸ்காட்டுக்கு மனம் வரவில்லை. ஆகவே திட்டமிட்ட இடத்துக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே கிடங்கை அமைத்துவிட்டுத் திரும்பினர். ஓராண்டுக்குப் பிறகு அதே கிடங்கை எட்ட முடியாமல் மாண்டனர்.

அப்படியானால் அவர்களைக் கொன்றது கருணையா? அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. கலங்களில் இருந்த எண்ணெய் குறைந்துபோயிருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அங்கு நிலவிய குளிர் வழக்கத்தைவிடக் கடுமையானது என்பதைப் பிற்கால வானிலை ஆய்வு காட்டியுள்ளது. ஆனாலும் கேள்வியை முழுவதும் தட்டிக்கழிக்கவும் இயலாது. அன்று குதிரைகளுக்குக் காட்டிய இரக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை வேறொரு நாளில் வேறொருவர் கொடுக்க நேர்ந்தது.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு எண்ணங்களைப் பிரித்தெடுக்கலாம் என்று தோன்றுகிறது. முதலாவது, தளர்ந்தவரை விட்டுவிட்டுச் செல்லும் உரிமை வலியவருக்கு இல்லை. ஓட்ஸ் தாமே வேண்டியபோதும் அம்மூவரும் மறுத்தார்கள். அந்த மறுப்பே அவர்களுடைய பெருமை. ஓட்ஸ் செய்ததைத் தற்கொலை என்பதா, தோழருக்காகத் தம்மை அளித்த ஈகம் என்பதா என்று அறநெறி பயில்வோர் வாதிட்டதுண்டு. அவ்வாதம் எவ்வாறு முடிந்தாலும் ஒன்று தெளிவு: அத்தகைய ஈகத்தைத் தளர்ந்தவர் தாமாக எண்ணலாம், வலியவர் அதைக் கேட்டுப் பெற முடியாது. குறிப்பாக உணர்த்தவும் கூடாது. 'நீ இல்லாவிட்டால் நாங்கள் விரைவாகப் போய்ச் சேர்வோம்' என்பதை வாயால் சொல்லாமல் முகத்தால் சொல்பவர் பலர். அது இன்னும் கொடியது.

சேமித்து வைக்கும் பொறுமை

இரண்டாவது எண்ணம் இதைவிட முக்கியமானது. கடைசி நாட்களில் பொறுமையாயிருக்க விரும்புகிறவர் முதல் நாட்களிலேயே அதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இரக்கம் ஓர் உணர்ச்சி மட்டுமாய் இருக்கும்வரை அதற்குக் கையிருப்பு இல்லை. குதிரைகள் தளர்ந்த இடத்திலேயே கிடங்கை அமைப்பதென்று முடிவானால், அக்குறையை வேறு எங்கேனும் ஈடுசெய்திருக்க வேண்டும். இன்னொரு கிடங்கோ, கூடுதல் எரிபொருளோ, வழியில் எதிர்கொள்ளும் துணையோ. இரக்கப்பட்டவர் கணக்குப் பார்க்கவும் கடமைப்பட்டிருக்கிறார்.

நம் வறண்ட நிலத்துக் கிடைக்காரருக்கு இது விளங்காத செய்தி அன்று. விவரமறிந்த கீதாரி வயலில் உரக்கூலி இன்னும் கிடைக்கும்போதே சில நாள் முன்னதாகப் புறப்படுவார். அந்தச் சில நாட்களின் வருமானத்தை அவர் இழக்கிறார். ஆனால் வழியில் ஈனப்போகும் ஆட்டுக்கு அந்த நாட்கள் தேவைப்படும் என்பது அவருக்குத் தெரியும். எந்த ஆடு, எத்தனையாவது நாள் என்று தெரியாது. ஏதோ ஒன்று தளரும் என்பது மட்டும் உறுதி. தளர்ச்சியை விபத்தாகக் கருதாமல் பயணத்தின் இயல்பான பகுதியாக எண்ணிக் கணக்கில் சேர்ப்பதே ஆயனின் அறிவு. 'உன் ஆட்டுக்காக என் மந்தை ஏன் காத்திருக்க வேண்டும்' என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. புறப்படும்போதே எல்லாரும் உடன்பட்டு ஒதுக்கிய நாட்கள் யாருக்கும் இழப்பாகத் தோன்றுவதில்லை. இந்த ஆண்டு உன் ஆடு. அடுத்த ஆண்டு என் ஆடு.

காணாமற்போன ஆட்டின் உவமையை நாம் கேட்கும்போதெல்லாம் ஆயன் தேடிச் செல்லும் காட்சியே மனத்தில் நிற்கிறது. தேடிச் செல்லும்போது அவர் கை வீசி விரைந்து நடக்கலாம். கண்டுபிடித்த பின்னரோ ஆடு தோள்மேல் இருக்கிறது. வளர்ந்த ஆட்டின் எடையைத் தோளில் சுமந்தவர்களுக்குத் தெரியும், அந்தத் திரும்பும் நடை எவ்வளவு மெதுவானது என்று. உவமையின் மகிழ்ச்சி அந்தச் சுமையோடு கூடியது.

மந்தை நகரும்போது ஒருவர் முன்னே நடக்கிறார். ஒருவர் பக்கவாட்டில் பயிருக்குள் இறங்காமல் காக்கிறார். ஒருவர் கடைசியில் வருகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் ஊக்கவுரையில், ஆயர் ஒருவர் சிலவேளை மக்களுக்கு முன்னும், சிலவேளை அவர்கள் நடுவிலும், சிலவேளை பின்தங்கியோருக்கு உதவ அவர்கள் பின்னும் நடக்க வேண்டும் என்ற கருத்தைக் கூறினார். முன்னே நடப்பவரை ஊர் காண்கிறது. கடைசியில் நடப்பவர் மேல் புழுதிதான் படிகிறது. ஆனால் மந்தையின் வேகத்தை அறிந்தவர் அவரே. முன்னே செல்பவர் அடிக்கடி திரும்பிப் பார்த்து அவருடைய கையசைப்புக்குக் காத்திருந்தால்தான் மந்தை மந்தையாக இருக்கும்.

நம் இல்லங்களில் இந்தக் கடைசி நாட்கள் வேறு உருவில் வருகின்றன. படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். மாதக்கணக்கில் பணிவிடை செய்த மகளின் முதுகு வலிக்கிறது. வளைகுடாவிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்த மகன் எட்டாம் நாள் பயணச்சீட்டை எடுத்துப் பார்க்கிறான். மருத்துவரிடம் 'இன்னும் எத்தனை நாள்?' என்று தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வியில் அன்பும் களைப்பும் கலந்திருக்கின்றன. அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் வாய் எழாது. விடுப்பும் வேலையும் கடனும் உண்மையானவை. ஆயினும் படுத்திருப்பவர் நம் முகத்தைப் படிக்கிறார். தாம் தாமதப்படுத்துகிறோம் என்று அவர் உணர்ந்துவிட்டால், உண்பதைக் குறைத்துக்கொள்கிறார், கேட்பதை நிறுத்திக்கொள்கிறார். பனிப்புயலுக்குள் நடந்து போவதற்கு நம் ஊரில் இருக்கும் வழி அதுதான். அதைத் தடுக்க வேண்டுமானால் அந்த அறையில் நின்று பொறுமையை வரவழைத்துக்கொள்ள முயன்றால் போதாது. பணிவிடையை உடன்பிறந்தோர் முன்னரே பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும். அண்டை வீட்டாரும் அன்பியத்தாரும் முறைவைத்து ஓரிரவு விழித்திருந்து, அந்த மகளை உறங்க அனுப்பியிருக்க வேண்டும். களைத்த ஒருவரிடம் மட்டும் பொறுமையைக் கேட்பது, எரிபொருள் இல்லாத கிடங்கை நோக்கி நடக்கச் சொல்வதாகும்.

வெளியே, பொதுவழியிலும் இதே சோதனை நடக்கிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்கு வழிச் சாலை அருப்புக்கோட்டையை ஒட்டிச் செல்கிறது. வலசையிலிருந்து வரும் சில மந்தைகள் ஊர் சேரும் முன் அதைக் கடக்க வேண்டும். கம்பை நீட்டியபடி ஒருவர் சாலை நடுவில் நிற்கிறார். ஆடுகள் கடந்துகொண்டேயிருக்கின்றன. வரிசையில் நிற்கும் வண்டிகள் ஒலி எழுப்புகின்றன. அந்த ஓட்டுநர்களும் வீட்டுக்குத்தான் போகிறார்கள். அவர்களுக்கும் யாரோ காத்திருக்கின்றனர். கடைசியில் நொண்டிக்கொண்டு வரும் ஆடு கடக்க இன்னும் அரை நிமிடம் வேண்டும். அரை நிமிடம் பெரிதன்று. ஆனால் அதைத் தருவதற்குச் சற்று முன்னதாகப் புறப்பட்டிருக்க வேண்டும்.

அன்றிரவு கடைசிக் கிடை. நாளை இரவு வீட்டில் உறக்கம் என்பதால் வேலியைச் சற்றே தளர்வாகக் கட்டிவிடத் தோன்றும். ஆனால் நரிக்கும் நாய்க்கும் அது கடைசி இரவு என்று தெரியாது. ஆகவே அனுபவமுள்ளவர் முதல் இரவில் கட்டியதுபோலவே கட்டுகிறார். அடுப்புத் தணலை மண் போட்டு மூடுகிறார். கூடாப்புக்குள் குட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார்.

மறுநாள் மந்தையின் முன்வரிசை ஊர் எல்லையைத் தொடும்போது பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். வந்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லும். கீதாரி அப்போதும் ஆம் என்று சொல்வதில்லை. கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு பின்னால் பார்க்கிறார். சினை ஆட்டை மெல்ல நடத்திக்கொண்டும் நேற்றுப் பிறந்த குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டும் கடைசி ஆள் வரும்வரை அவர் பட்டிக்குள் நுழைவதில்லை.